உடைமையும் இருப்பும்

ஆங்கிலம் கற்கப் புகும் தமிழ்ச் சிறுவன் முதல் மாதத்திலேயே எதிர்கொள்ளும் வினைச்சொற்களுள் ‘ஹேவ்’ என்பது ஒன்று. ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’, ‘என்னிடம் பேனா இருக்கிறது’, ‘எனக்குத் தலைவலி’, ‘எனக்கு நேரமில்லை’ என்று வீட்டில் பலவாறாகச் சொல்லிப் பழகியவற்றையெல்லாம் அந்த ஒரு சொல்லால் சொல்லிவிடலாம் என்று ஆசிரியர் கற்பிக்கிறார். தம்பியும் பேனாவும் தலைவலியும் நேரமும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. சிறுவன் சில நாளில் அதைக் கற்றுக்கொண்டுவிடுகிறான். ஆயின், அச்சொல்லுக்கு நேரான தமிழ் வினை எது என்று அவன் திருப்பிக் கேட்டால் ஆசிரியர் சற்றுத் தயங்கவே செய்வார். அத்தயக்கம் அவருடைய குறையன்று. அவ்வாறே நிகழ்காலமும் இறந்தகாலமும் எதிர்காலமும் காட்டி நடக்கும் வினை ஒன்று அப்பொருளுக்கு நம் மொழியில் இல்லை.

இல்லாமை ஒரு குறைதானா, சொல் இல்லாத இடத்தில் அச்சொல் குறிக்கும் பற்றும் இல்லாமற் போகுமா, ‘இது எனது’ என்று சொல்லவும் ‘இது எனதன்று’ என்று சொல்லவும் உரிமை யாருக்கு உண்டு என்பனவற்றை ஈண்டுச் சிறிது எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லின் குடிவழியைக் காண்போம். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹப்பன்’ என வழங்கிற்று. லத்தீனில் ‘ஹபேரே’ என்றொரு வினை உண்டு. அதன் பொருளும் உடைத்தாயிருத்தல் என்பதே. ஒலியும் ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது. ஆகவே இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். மொழிநூலார் அதற்கு உடன்படுவதில்லை. லத்தீனில் ககரமாக நிற்பது ஜெர்மானிய மொழிகளில் ஹகரமாகத் திரியும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாக்கோபு கிரிம் விளக்கிய விதி. கொம்பைக் குறிக்கும் லத்தீன் ‘கோர்னு’ ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’. நூறைக் குறிக்கும் ‘கெண்டும்’ ஆங்கிலத்தில் ‘ஹண்ட்ரட்’. அவ்விதிப்படி ‘ஹேவ்’ என்பதற்கு லத்தீனில் உறவு ‘கபேரே’ என்னும் சொல். பிடித்தல், கைப்பற்றல் என்பது அதன் பொருள். சிறைப்பட்டவனைக் குறிக்கும் ‘கேப்டிவ்’ என்பதும் அதன் வழிவந்ததே. லத்தீன் ‘ஹபேரே’யோ கொடுத்தலையும் பெறுதலையும் ஒருங்கே குறித்த வேறொரு வேரினின்று பிறந்தது என்றும், ஆங்கிலத்தில் அதற்கு உறவாவது ‘கிவ்’ என்பதே என்றும் கொள்வர். ஒரே பொருளில் வழங்கும் இரு சொற்களுள் ஒன்று பறித்தலில் தோன்றிற்று, மற்றொன்று கொடுத்தலில் தோன்றிற்று என்பதை அறியும்போது, உலகத்துச் சொத்துகள் எல்லாம் இவ்விரு வழிகளுள் ஒன்றில் வந்தவைதாமே என்ற எண்ணம் எழுகிறது.

கையால் பிடித்தலைக் குறித்த சொல், பின்னர்க் காலத்தையும் பிடித்துக்கொண்டது. ‘ஒரு கடிதத்தை எழுதப்பட்டதாக உடையேன்’ என்பது போன்ற பழைய தொடரிலிருந்து ‘எழுதியிருக்கிறேன்’ என்னும் பொருள் ஆங்கிலத்தில் பிறந்தது. முடிந்துபோன செயலும் அம்மொழியில் ஒருவன் கைப்பொருளாயிற்று. செய்தே தீரவேண்டிய கடமையையும் ‘ஐ ஹேவ் டு கோ’ என்று உடைமையாகவே அது சொல்லும். நாம் இவ்விரண்டிடத்தும் ‘இரு’ என்னும் வினையையே துணைக்கு அழைக்கிறோம்: வந்திருக்கிறேன், போகவேண்டியிருக்கிறது. அவர்கள் பற்றிக்கொள்ளும் இடத்தில் நாம் இருக்கிறோம்.

அலுவலக மொழியிலும் இச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. வெள்ளையர் ஆட்சிக் காலத்துக் கடிதங்கள் ‘ஐ ஹேவ் தி ஆனர்’ என்று தொடங்கி, ‘தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்னும் பொருள்பட முடிந்தன. உடையவனாகத் தொடங்கியவன் இரண்டு பத்திகளுக்குள் அடியவனாகிவிடுவான்! இன்று மத்திய அரசுக் கடிதங்கள் ‘பணிக்கப்பட்டிருக்கிறேன்’ என்று தொடங்குகின்றன. பெருமை போயிற்று, உண்மை மிஞ்சிற்று எனலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘எனக்கு’ என்பதும் ‘என்னிடம்’ என்பதும் நம் பேச்சில் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதில்லை. ‘எனக்குத் தம்பி இருக்கிறான்’ என்றால் அவன் உலகில் எங்கிருந்தாலும் என் தம்பி. ‘என்னிடம் தம்பி இருக்கிறான்’ என்றால் அவன் இப்போது என் பொறுப்பில் தங்கியிருக்கிறான் என்று பொருள். ‘என்னிடம் குடை இருக்கிறது’ என்பதில் அக்குடை என்னுடையதா, அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கியதா என்பது தெளிவாவதில்லை. அது என் கையில் இருக்கிறது என்பதே செய்தி. இவ்விரு தொடர்களிலும் எழுவாய் ‘நான்’ அன்று என்பதையும் நோக்குக. எழுவாயாக நிற்பது தம்பி, அல்லது குடை. அவை இருக்கின்றன, அவற்றின் இருப்புக்கு நாம் ஓர் இடமாகவோ இலக்காகவோ அமைகிறோம். மலையாளத்தில் ‘எனிக்கு உண்டு’ என்பதும் இவ்வாறானதே. இந்தியும் ருஷ்ய மொழியும் இதே வழியில் செல்கின்றன. எனவே இது தமிழுக்கு மட்டும் வாய்த்த தனிப்பெருமை என்று மேடையேறிச் சொல்ல இயலாது.

‘வைத்திருக்கிறார்’ என்றொரு வழக்கும் உண்டு. ‘அவர் கார் வைத்திருக்கிறார்’ என்கிறோம். வைத்தல் ஒரு செயல். அதன்பின் வருவது மீண்டும் இருத்தல்தான். வைத்ததைப் பேண வேண்டும் என்ற பொறுப்பும் அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘உடையேன், உடையான் என்னும் சொற்கள் தமிழில் இல்லையா?’ என்று புலவர்கள் வினவுவர். உண்டு. ஆனால் அவற்றை நம் இலக்கணிகள் எங்கே வைத்தனர் என்பதே நாம் கருத வேண்டுவது. வந்தான், வருகிறான், வருவான் என்பவற்றோடு அவர்கள் ‘உடையான்’ என்பதை வைக்கவில்லை. அதனை வினைக்குறிப்பு என்றனர். தொல்காப்பியர் வினையியலில் வினைக்குறிப்புத் தோன்றும் இடங்களை எண்ணும்போது உடைமைப் பொருளையும் சேர்த்தே சொல்கிறார். வினைக்குறிப்புக் காலத்தை வெளிப்படக் காட்டாது. உழுதலும் உண்டலும் போல உடைத்தாயிருத்தல் ஒரு தொழிலன்று. அஃது ஒரு நிலை. ஆங்கிலேயன் ‘ஹேட்’ என்று இறந்தகாலத்தில் சொல்லிப் பெருமூச்செறியலாம். நாம் ‘உடையனாக இருந்தேன்’ என்று மீண்டும் இருத்தலின் துணையை நாடியே இழந்த செல்வத்துக்கு இரங்க வேண்டும்.

ஆறாம் வேற்றுமையைப் பற்றி அவர்கள் செய்த பாகுபாடு இன்னும் நுட்பமானது. நன்னூலார் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாக வகுத்தார். ‘சாத்தனது கை’ என்பது தற்கிழமை. அவனிலிருந்து பிரிக்க இயலாதது. ‘சாத்தனது பசு’ என்பது பிறிதின்கிழமை. அதை அவிழ்த்துக்கொண்டு போய்விடலாம். ஒரே ‘அது’ உருபு இரண்டுக்கும் நின்றாலும், உண்மையில் நமதாவது எது, நம்மோடு சிலகாலம் நிற்பது எது என்னும் வேறுபாட்டை இலக்கணம் மறக்கவில்லை. கிழமை என்றால் உரிமை. வாரத்தின் நாட்களைத் திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை என்கிறோமே, அதன் பொருள் அந்தந்த நாள் அந்தந்தக் கோளுக்கு உரியது என்பதுதான். ஏழு நாளையும் ஏழு கோள்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, விடுமுறைக்கு மட்டும் நாம் உரிமை கொண்டாடுகிறோம்.

திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளைப் புரட்டினால் இப்பாகுபாடு அறநெறியாகவே வளர்ந்திருப்பதைக் காணலாம். உடைமை என முடியும் தலைப்புகள் பத்து. அன்பு, அடக்கம், ஒழுக்கம், பொறை, அருள், அறிவு, ஊக்கம், ஆள்வினை, பண்பு, நாண் என்பவையே அப்பத்து உடைமைகளும். நிலத்துக்கோ பொன்னுக்கோ அவ்வரிசையில் இடமில்லை. செல்வத்தைப் பேச வந்த அதிகாரத்துக்குப் பொருள் செயல்வகை என்பது பெயர். அது செய்யப்படுவது, ஈட்டப்படுவது. குறட்பாக்களினுள்ளே செல்வத்தைக் குறித்தும் ‘உடைமை’ வருவதுண்டு. ஆயினும் தலைப்பென்னும் உயர்ந்த இருக்கை தற்கிழமையாக்கிக்கொள்ளத் தக்க பண்புகளுக்கே கிடைத்திருக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். எரிக் ஃபுரோம் என்னும் உளவியல் அறிஞர், உடைமையையும் இருப்பையும் இரு வேறு வாழ்க்கை முறைகளாகப் பிரித்து 1976-இல் ஒரு நூல் வெளியிட்டார். எபிரேயம் முதலிய மொழிகளில் ‘ஹேவ்’ போன்ற சொல் இல்லாமையை அவரும் அதில் சுட்டுகிறார். இதைப் பிடித்துக்கொண்டு, மேலைநாட்டார் பற்றுக்கொண்டவர், நாமோ பற்றற்றவர் என்று சிலர் சொற்பொழிவாற்றுகின்றனர். வரப்பை ஒரு முழம் தள்ளி வைத்ததற்காக மூன்று தலைமுறை வழக்காடிய குடும்பங்கள் நாஞ்சில் நாட்டில் எத்தனை! ‘ஹேவ்’ என்ற சொல்லைக் கேட்டேயிராத நம் முன்னோர் அவர்கள். சொல் இல்லாமை நம்மைத் துறவியாக்கிவிடவில்லை. மொழி நமக்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. நுழைவதும் நுழையாமையும் நம் செயல்.

அவ்வாயிலில் அரசர் ஒருவர் நுழைந்த வரலாறு நாம் வாழும் இந்நகருக்கு உரியது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், சிறு நாடாக இருந்த வேணாட்டை வாளால் விரித்துத் திருவிதாங்கூர் ஆக்கினார். 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை வென்றார். அண்டை நாடுகள் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. ‘கபேரே’ என்னும் லத்தீன் வினைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் பக்கத்தில் கிடைப்பதரிது. அங்ஙனம் கைப்பற்றிய நாடு முழுவதையும் அவர் 1750 ஜனவரியில் ஸ்ரீபத்மநாப சுவாமியின் திருமுன் உடைவாளை வைத்துத் தானமாக அளித்தார். திருப்படித்தானம் என்று அதைப் போற்றுவர். அன்று தொடங்கி நாடு பெருமாளுடையது. அரசர் ‘பத்மநாபதாசர்’, அவர் பொருட்டு ஆளும் ஊழியர். தஞ்சைக் கல்வெட்டுகளில் இறைவனையும் அரசனையும் ‘உடையார்’ என்றே குறித்த மரபை நாம் அறிவோம். இங்கே அரசர் அப்பெயரை இறைவனுக்கு விட்டுவிட்டு, அடியான் என்னும் பெயரை எடுத்துக்கொண்டார்.

இது பக்தியா, அரசியல் தந்திரமா என்று ஆராய்ச்சியாளர் வாதிடுகின்றனர். புதிதாக வென்ற நாட்டில் அரசனை எதிர்ப்பது இறைவனை எதிர்ப்பதாகிவிடும். வெற்றியின் கறையும் கழுவப்படும். இரண்டும் கலந்திருந்தன என்பதே பொருந்தும் எனத் தோன்றுகிறது. ஒன்று மட்டும் வெளிப்படை. நாட்டைக் கொடுத்தவர் ஆட்சியைக் கொடுக்கவில்லை. ‘எனதன்று’ என்ற சொல்லுக்குப்பின் அவருடைய பிடி முன்னிலும் இறுகியது.

ஆயினும் அச்சொல் வெறும் சொல்லாகப் போய்விடவில்லை. கோயில் மணலில் ஒரு துகளும் தம்மோடு வந்துவிடலாகாது என்று வெளியே வரும்போது பாதங்களைத் தட்டிவிட்டு வருவது அரச குடும்பத்து வழக்கம் என்று கேட்டிருக்கிறோம். 2011 ஜூனில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி நிலவறைகள் சில திறக்கப்பட்டு, அளவிடற்கரிய பொன்னும் மணியும் வெளிப்பட்டபோது, சாலைக் கடைத்தெரு முதல் தலைநகர் தில்லி வரை எழுந்த கேள்வி ஒன்றே: இவை யாருக்குச் சொந்தம்? கோயிலின் பொறுப்பு அரச குடும்பத்துக்குத் தொடராது என்று கேரள உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜனவரியிலேயே கூறியிருந்தது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, 1991-இல் ஸ்ரீசித்திரைத் திருநாள் மறைந்த பின்னும் ‘ஷெபைத்’ என்னும் உரிமை அக்குடும்பத்தில் நீடிக்கும் என்றும், நிர்வாகம் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவின் கையில் இருக்கும் என்றும் தீர்ப்பளித்தது. ஷெபைத் என்பவர் உடையவர் அல்லர். தெய்வத்தின் உடைமையைத் தெய்வத்தின்பொருட்டுப் பேணுபவர். ‘அவரிடம் இருக்கிறது’ என்னும் நம் தொடரை நீதிமன்றம் சட்டத்தின் மொழியில் எழுதிற்று எனலாம். இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசர் சொன்ன ‘எனதன்று’ என்னும் சொல்லே, அவர் வழித்தோன்றல்களிடம் கணக்குக் கேட்கப் பிறருக்கு உரிமை தந்தது. அவ்வளவில் அதனை அறம் என்றே நாம் கொள்கிறோம்.

இருப்பும் உடைமையும் பிரிந்து நிற்பதற்கு இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இன்னொரு சான்றும் காணலாம். மார்த்தாண்ட வர்மர் வாழ்ந்த பத்மநாபபுரம் அரண்மனை, 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் வட்டத்தோடு தமிழ்நாட்டில் சேர்ந்தது. அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். பேணுவது கேரள அரசின் தொல்லியல் துறை. அதற்கு மாறாக, முல்லைப் பெரியாற்று அணை நிற்பது கேரளத்தில். 1886-ஆம் ஆண்டுக் குத்தகையின் வழியே அதனை இயக்குவது தமிழ்நாடு. இரு மொழிக்கும் உறவினரான நம்மைப் போன்றோர் இவ்வழக்குகளில் தீர்ப்புச் சொல்லாமல் நகர்வதே நலம்.

இதுவரை நாம் கூறியவை நம் மொழியின் வழக்குக்குச் சார்பாகவே அமைந்தன. அதன் மறுபுறம் கொடியது. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

உடைமையை இருப்பாகச் சொல்லும் மொழியில் வறுமை என்னவாகிறது? பொருள் படைத்தவனை ‘உள்ளவன்’ என்கிறோம். வறியவனை ‘இல்லாதவன்’, ‘இல்லான்’ என்கிறோம். எது இல்லாதவன் என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் நேர்வதில்லை. மலையாளத்திலும் அவ்வாறே. ஆங்கிலேயன் ‘ஹேவ்-நாட்’ என்னும்போது பொருளற்ற ஒருவன் அங்கே நிற்கிறான். நாம் ‘இல்லாதவன்’ என்னும்போது பொருளோடு சேர்ந்து ஆளும் மறைந்துவிடுகிறான். உள்ளவன் எனும் சொல்லுக்கு உயிரோடு இருப்பவன் என்ற பொருளும் உண்டல்லவா? நூற்றாண்டுகளாக நம் ஊர்களில் நிலமற்றவன் நடத்தப்பட்ட முறைக்கும் இச்சொல்லுக்கும் அதிக இடைவெளி இருந்ததில்லை.

கேரளத்து நிலவுரிமைச் சொற்களைப் பாருங்கள். ஜன்மம் உடையவர் ஜன்மி, பிறப்பிலேயே உரிமை. அவர் நிலத்தின் ஒரு மூலையில் குடிசை போட்டு, அவருக்கே உழைத்துக் கிடந்தவருக்குப் பெயர் ‘குடிகிடப்புக்காரன்’. கிடப்பு! உடைத்தலும் இல்லை, இருத்தலும்கூட இல்லை, கிடத்தல். ஜன்மி சினந்தால் அன்று மாலையே அடுப்பையும் பாயையும் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். இம்மனிதனிடம் போய், ‘அப்பா, எதுவும் நமதன்று, எல்லாம் இறைவனுடையது’ என்று உபதேசித்தால் அஃது அறமாகுமா? ‘எனதன்று’ என்று அவன் சொல்ல வேண்டியதில்லை. பிறர் அதை நாள்தோறும் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தனர்.

திருவிதாங்கூரில் 1865-இல் வெளியான பண்டாரவகைப் பாட்ட விளம்பரம், அரசு நிலத்தைப் பாட்டத்துக்கு உழுதவர்களுக்கு அதன்மேல் உரிமையும், விற்கவும் ஈடுவைக்கவும் அதிகாரமும் தந்தது. உழுதவன் வாயில் ‘என் நிலம்’ என்ற சொல் வருவதற்கு அரசாணை வேண்டியிருந்தது. ஆனால் குடிசைவாசிக்கு அதன் பின்னும் நூறாண்டு காத்திருப்பு. 1957 ஏப்ரலில் பதவியேற்ற முதல் அமைச்சரவை அம்மாதத்திலேயே குடியிறக்கத்தைத் தடைசெய்து அவசரச் சட்டம் கொணர்ந்தது. 1963-இன் நிலச் சீர்திருத்தச் சட்டம், 1969-இல் திருத்தப்பெற்று, 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோதுதான், கிடந்த இடத்தை விலை கொடுத்துத் தமதாக்கிக்கொள்ளும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது: ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட், மாநகரில் மூன்று சென்ட். தமிழ்நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இதே வகையில் குடியிருப்பு மனைகளுக்கு உரிமை வழங்கியது. மலையாளம் கிடப்பு என்றதைத் தமிழ் இருப்பு என்றது. இரண்டையும் உடைமையாக்க இரண்டு அரசுகளும் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

மூன்று சென்ட் நிலத்துக்கு வேலி கட்டி, ‘இஃது எனது’ என்று முதன்முறையாகச் சொன்ன குடும்பத்தின் சொல்லில் பற்று இருந்தது, உறுதியாக இருந்தது. அப்பற்றை வெஃகுதல் என்று எவரும் இழித்துரைக்க நாம் உடன்படோம். ‘எனதன்று’ என்பது கைநிறைய வைத்திருப்பவன் சொல்லும்போதே துறவு. அரசர் வாளைப் படியில் வைத்தார் என்பதில் நாம் காணும் பெருமையெல்லாம் அவரிடம் வைப்பதற்கு ஒரு வாள் இருந்தது என்பதைச் சார்ந்து நிற்கிறது. தனக்கென்று எதுவும் இருந்திராதவன், ஆங்கிலச் சொல்லின் அந்தப் பழைய பொருளிலேயே, ஒருமுறையேனும் எதையாவது இறுகப் பிடித்திருக்க வேண்டும்.

உள்ளவர் சொல்லும் ‘எனதன்று’ என்பதிலும் எல்லாம் துறவாகிவிடுவதில்லை என்பதை அரசாங்கம் நன்கறியும். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-இல் வகுக்கப்பட்டவை. அவற்றின்படி அசையாச் சொத்துகளை அறிவிக்கும் படிவம் ஒன்று உண்டு. நிலமோ வீடோ எங்குள்ளது, இன்றைய மதிப்பென்ன என்று கேட்டபின், அது தம் பெயரில் இல்லையெனில் யார் பெயரில் உள்ளது, அவர் ஊழியருக்கு என்ன உறவு என்று ஒரு பத்தி கேட்கிறது. மனைவியின் பெயரிலும் மைத்துனனின் பெயரிலும் ‘இருப்பவை’ அங்கே வந்து நிற்க வேண்டும். பின்னர், அது கிடைத்த வழி என்ன என்று வேறொரு பத்தி: விலைக்கா, குத்தகைக்கா, ஒற்றிக்கா, மரபுரிமையாலா, கொடையாலா, வேறு வகையிலா. அவ்விரு பத்திகளையும் நிரப்பும்போது பலருக்குப் பேனா சற்று மெல்லவே நகரும். சொத்து ஏதும் இல்லாதவர்க்கு அவ்விடர் இல்லை. எல்லாப் பத்திகளுக்கும் குறுக்கே ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டுவிடலாம்.